மணலில் ஒருவர், கேமராவுக்குப் பின்னால் இன்னொருவர்

படத்தில் முக்கால் பங்கு மணல்தான். மேலே மிச்சமிருக்கும் கால் பங்கில் வெளிறிப்போன நீல வானம். கீழ்விளிம்பிலிருந்து ஒரு மணல்மேட்டின் முகடு கிளம்பி, இடப்பக்கமாக வளைந்து ஏறுகிறது. முகட்டின் மீது ஒற்றை வரிசையில் காலடித் தடங்கள். தடங்கள் முடிகிற இடத்தில் ஓர் ஆள், முதுகை நமக்குக் காட்டியபடி. கறுப்போ கருநீலமோ, கணுக்கால்வரை தொங்கும் உடை. ஆணா பெண்ணா தெரியாது, வயதும் தெரியாது. எடுத்தவர் பெயர் இல்லை, இடம் இல்லை, ஆண்டு இல்லை.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதே படம் இல்லாவிட்டாலும் இதன் ஒன்றுவிட்ட சகோதரன் ஒன்றை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். தனிமையைப் பற்றிய கவிதைக்கு மேலே இந்தப் படம் இருக்கும். தலைமைப் பண்பு பற்றிய பொன்மொழிக்குப் பின்னாலும் இதுவே இருக்கும். மனச்சோர்வு பற்றிய மருத்துவக் கட்டுரை, புவி வெப்பமாதல் செய்தி, ஆன்மிகத் தேடல், கடனிலிருந்து மீளும் வழி எல்லாவற்றுக்கும் இது பொருந்திப் போகிறது. அந்த ஆள் ஒரு நாள் தோற்றுப்போனவர், மறுநாள் ஞானி, அதற்கு மறுநாள் தொழில்முனைவோர். பாவம், அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை. இத்தனைக்கும் வாசகம் எழுதுகிற எல்லோரும் சொல்லிவைத்தாற்போல "அவன்" என்றே எழுதுகிறார்கள்.

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யத் திரைப்பட இயக்குநர் லெவ் குலஷோவ் செய்த சோதனை ஒன்றைப் பற்றிச் சொல்வார்கள். ஒரு நடிகரின் உணர்ச்சியில்லாத முகத்தை எடுத்துக்கொண்டார். அதை ஒரு கிண்ணம் சூப்புடன் ஒட்டினார், ஒரு சவப்பெட்டியுடன் ஒட்டினார், ஒரு பெண்ணுடன் ஒட்டினார். பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று ஒவ்வொன்றிலும் வெவ்வேறு உணர்ச்சியைக் கண்டு நடிப்பைப் பாராட்டினார்களாம். முகம் மூன்றிலும் ஒன்றேதான். நம் பாலைவனப் படத்தில் அந்த முகம்கூட இல்லை. சூப்புக் கிண்ணத்தின் வேலை முழுவதையும் மணல் பார்த்துக்கொள்கிறது.

அதனால் அந்த ஆள் என்ன நினைக்கிறார் என்ற கேள்வியை நான் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டேன். அதற்குப் படத்தில் பதில் கிடையாது. கேமரா எங்கே இருந்தது என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதுவும், எடுத்தவர் மறைக்க நினைத்தாலும் மறைக்க முடியாத அளவுக்கு இருக்கிறது.

முதலில் தொடுவானம். படத்தில் தொலைவாகத் தெரியும் தொடுவானக் கோடு எந்தப் பொருளை எங்கே வெட்டிச் செல்கிறதோ, அந்த இடம் கேமராவின் உயரத்தில் இருக்கிறது. சமதரையில் நின்று, நம் உயரமே உள்ள ஒருவரை நிமிர்ந்து நின்று படமெடுத்தால், அவர் பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் கோடு அவர் கண்ணருகே போகும். கோடு தலைக்கு மேலே போனால் கேமரா உயரத்தில் இருக்கிறது, காலடியில் போனால் தரையோடு இருக்கிறது. ஓவியர்களுக்கு இது பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த கணக்கு. நம் படத்தில் இடப்பக்கம் இரண்டு மேடுகளுக்கு நடுவே உண்மையான தொடுவானம் ஒரு கீற்றாகத் தெரிகிறது. அந்தக் கோட்டை நீட்டினால் ஆளின் முழங்காலைத் தொடுகிறது. அப்படியென்றால் இது விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ எடுத்த படம் இல்லை. எடுத்தவர் அதே முகட்டில் சற்றுத் தாழ்வாக நின்றிருக்கிறார். இருவரின் பாதங்களுக்கும் உயர வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர் இருக்கலாம்.

அடுத்து தூரம். ஆளின் உயரம் படத்தின் உயரத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. முழுச்சட்டக் கேமராவில், உருவம் வந்து விழும் சென்சாரின் உயரம் 24 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு, 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவரை 100 மீட்டர் தொலைவில் நிற்கவைத்தால் சென்சாரில் விழும் உருவம் 0.85 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட நாம் பார்க்கும் அளவு. 200 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு 400 மீட்டரில் நிற்கவைத்தாலும் அதே அளவுதான் வரும். இரண்டில் எது என்று எப்படிச் சொல்வது?

அதைக் காலடித் தடம் சொல்கிறது. கீழ்விளிம்பில் இருக்கும் முதல் தடம் அந்த ஆளைவிடப் பெரிது. இதை நான் கவனிக்க ரொம்ப நாளாயிற்று. கவனித்த பிறகு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. 200 மில்லிமீட்டர் தொலைநோக்கு லென்ஸாக இருந்தால் சட்டகத்தின் அடிவிளிம்பே பல மீட்டர் தள்ளித்தான் தொடங்கும், அங்கே கிடக்கும் தடம் இவ்வளவு பெரிதாக வராது. 50 மில்லிமீட்டர் சாதாரண லென்ஸில்தான் எடுத்தவரின் காலுக்கு நாலைந்து மீட்டர் முன்னால் இருக்கும் மணல் படத்துக்குள் வரும். ஆக, தடங்கள் எடுத்தவரின் காலடியிலிருந்தே தொடங்குகின்றன.

இதன் பொருள் எளிமையானது. இரண்டு நிமிடங்களுக்கு முன்னால் இந்த இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டும் இருந்திருக்கலாம். "அந்த வளைவுவரை போய் நில்லுங்க, திரும்பிப் பார்க்காதீங்க" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மற்றவர் நடந்திருக்கிறார். நூறு மீட்டர் மணலில் நடப்பதற்கு ஆகும் நேரம்தான் அந்தத் தனிமையின் மொத்த வயது. படம் எடுத்து முடிந்ததும் "போதும், வாங்க" என்று ஒரு கத்தல். அப்புறம் இன்னொன்றும் எடுத்துக்கொள்ளலாம் என்று, தடத்தைக் கெடுக்காமல் பக்கவாட்டில் சுற்றித் திரும்பி வந்திருப்பார்.

நிழலுக்கு வருவோம். ஆளின் உயரத்தைப்போல மூன்று மடங்கு நீளம். நிழல் மூன்று மடங்கு என்றால் சூரியன் தொடுவானத்துக்கு மேலே 18 பாகையில் இருக்கிறது. மணல் சரிவாக இருப்பதால் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், பரவாயில்லை. வெப்ப மண்டலத்தில் சூரியன் ஒரு மணி நேரத்தில் 15 பாகைவரை ஏறும். எனவே விடிந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே, அல்லது அஸ்தமனத்துக்கு அதே அளவு முன்னால். காலைதான் என்று நினைக்கிறேன். காரணம், மணலின் அலைவரிகள் கலையாமல் இருக்கின்றன, வேறு ஒருவர் தடமும் இல்லை. முந்தைய நாளின் காற்று பழைய தடங்களைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறது, அதன் மேல் நடந்த முதல் ஆள் இவர். இது ஊகம்தான். காற்று பலமான ஊரில் மாலையிலும் இப்படி அமையும்.

காற்றைப் பற்றியும் மேடு பேசுகிறது. மணல்மேட்டின் ஒரு பக்கம் சாய்வாக, நீளமாக இருக்கும். காற்று ஏறி வருகிற பக்கம் அது. மறுபக்கம் செங்குத்தாக விழும். உலர்ந்த மணல் நிற்கக்கூடிய உச்சச் சரிவு 32 முதல் 34 பாகை. அதற்கு மேல் சரிந்து கொட்டிவிடும். சகாராவில் கார் ஓட்டித் திரிந்த பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ப் பேக்னால்டு இந்த இயற்பியலை ஆராய்ந்து 1941-இல் புத்தகமாகவே எழுதினார். இன்றும் செவ்வாய்க் கோளின் மணல்மேடுகளைப் படிப்பவர்கள் அவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். நம் படத்தில் காற்று வலப்பக்கமிருந்து வந்திருக்கிறது. நடந்தவர் முகட்டின் விளிம்பை ஒட்டி, காற்று வந்த பக்கத்திலேயே கால் வைத்திருக்கிறார். அங்கேதான் மணல் இறுகியிருக்கும், கால் புதையாது. மணலில் நடக்கப் பழகியவர், அல்லது பழகியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி நடந்தவர். எப்படியானாலும் வழி தவறியவரின் நடை இல்லை இது.

அவர் கையில் ஒன்றும் இல்லை. பை இல்லை, கோல் இல்லை, தண்ணீர் இல்லை. சூட்டில் நடக்கும் உடல் மணிக்கு ஒரு லிட்டர்வரை வியர்வையாக இழக்கும். தண்ணீர் இல்லாமல் பாலையில் நிற்பவர் ஒன்று சாகக் கிடக்க வேண்டும், அல்லது தண்ணீருக்கு மிக அருகில் இருக்க வேண்டும். இவர் நிமிர்ந்து நிற்கிற விதத்தைப் பார்த்தால் வண்டி பக்கத்தில்தான்.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பு உடை என்றதும் துக்கம், மர்மம் என்று எழுதிவிடுகிறார்கள். 1980-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கொதிக்கும் பாலையில் பெதூயின் என்னும் அரபு நாடோடி மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்பதுதான் கேள்வி. கறுப்புத் துணி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை உள்வாங்குவது உண்மையே. ஆனால் அந்தக் கூடுதல் வெப்பம் தோலை எட்டும் முன்பே துணிக்கு உள்ளே ஓடும் காற்றில் கரைந்து வெளியேறிவிடுகிறது; உடலுக்கு வந்து சேர்வது இரண்டு நிறத்திலும் ஒரே அளவுதான் என்று அளந்து காட்டினார்கள். தளர்வான அங்கி, உள்ளே காற்றோட்டம். இதற்குள் துக்கத்தைத் தேட வேண்டியதில்லை. தவிர, படமெடுப்பவருக்கும் கறுப்பு வசதி. வெளிர் மணலில் ஒரு சின்ன உருவம் கண்ணில் பட வேண்டுமென்றால் அது இருட்டாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர்தான் இந்தப் படத்தை முதலில் எனக்கு அனுப்பியவர், கீழே நாலு வரிக் கவிதையோடு. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு படத்தை நிம்மதியா ரசிக்க விடமாட்டீங்களா? போஸ்ட்மார்ட்டம் பண்ணிட்டீங்களே" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருமற்ற வெளியில் யாரோ ஒருவர் என்பதைவிட, இருவரில் ஒருவர் மற்றவர் சொன்ன சொல்லுக்காக நடந்து போய் முதுகைக் காட்டி நிற்கிறார் என்பது எனக்கு அதிகம் சுவாரசியமான கதை. யார் அவர்? நண்பரா, வழிகாட்டியா, வண்டி ஓட்டுபவரா, மனைவியா, கூலிக்கு நிற்பவரா? இந்தப் பட்டியலில் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்பப் படத்தின் குணமே மாறிவிடுகிறது.

பாலைவனத்தில் ஓர் ஆளை நிறுத்திப் படமெடுக்கும் வழக்கத்துக்கு புகைப்படத்தின் வயதுதான். 1849-இல் மாக்சிம் து காம் என்ற பிரெஞ்சுக்காரர், எழுத்தாளர் ஃப்ளொபேருடன் எகிப்துக்குக் கிளம்பினார். கையில் கேமரா, பிரெஞ்சு அரசின் உத்தரவு: பழைய நினைவுச்சின்னங்களைப் படமெடுத்து வர வேண்டும். சின்னங்களின் பிரம்மாண்டம் படத்தில் தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் அளவுகோலாக ஒரு மனித உடல் வேண்டும். நைல் நதிப் படகில் அவர்களோடு வந்த நூபிய மாலுமி ஹாஜி இஸ்மாயில் அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டார். அபு சிம்பலில் மணல் மூடிக் கிடந்த இரண்டாம் ராமசேஸின் மாபெரும் சிலையின் தலைமேல் அவர் உட்கார்ந்திருக்கும் படம் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. கல், மணல், உச்சியில் பொட்டளவு மனிதர்.

அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். இஸ்மாயிலை அசையாமல் நிறுத்த து காம் கையாண்ட வழியை அவரே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். கேமராவில் நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைக் குழாய் ஒரு பீரங்கி என்றும், அசைந்தால் அது வெடித்துவிடும் என்றும் சொன்னாராம். ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் அவர் இதைச் சொல்கிறார். 1852-இல் வெளியான அவருடைய தொகுப்பில் 125 படங்கள். அவற்றில் பலவற்றில் இஸ்மாயில் எங்கோ ஒரு மூலையில், ஒரு தூணின் அடியில், ஒரு சிலையின் மடியில் இருக்கிறார். பார்ப்பவர்கள் பழமையின் முன் மனிதனின் சிறுமை, காலத்தின் பேரமைதி என்றெல்லாம் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். படத்துக்குள் இருந்த மனிதர் அந்த நிமிடங்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது பீரங்கிக்குப் பயந்து. அப்படி அவர் உண்மையிலேயே நம்பினாரா என்பது வேறு விஷயம். படகில் வேலை செய்து உலகம் பார்த்த மாலுமி; முதலாளி சொன்னதை நம்புவதுபோல இருந்துவிடுவது மேல் என்றுகூட நினைத்திருக்கலாம். அவர் பக்கக் கதையை எழுத யாரும் இல்லை. பெயராவது மிஞ்சியிருக்கிறது. அதுவே அந்த வரிசையில் அபூர்வம்.

இதற்கு நேர்மாறான ஒரு படமும் உண்டு. 1867-இல் அமெரிக்காவின் நாற்பதாவது அட்சரேகை நில ஆய்வுக் குழுவோடு போன திமோதி ஓ'சல்லிவன், நெவாடாவின் கார்சன் பாலைவனத்தில் எடுத்தது. மணல்மேடுகளுக்கு நடுவே கோவேறு கழுதைகள் பூட்டிய ஒரு வண்டி. வண்டியிலிருந்து காலடித் தடங்கள் கிளம்பி நேராகக் கேமராவை நோக்கி வருகின்றன. அவை ஓ'சல்லிவனின் கால்கள் போட்ட தடங்கள் என்றுதான் எல்லோரும் வாசிக்கிறார்கள். அப்போது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது காயும் முன்பே படமெடுத்து, உடனே கழுவியும் ஆக வேண்டும். வண்டிதான் இருட்டறை. தகட்டோடு அங்கிருந்து இங்கே ஓட வேண்டும், எடுத்ததும் திரும்ப ஓட வேண்டும். அந்தத் தடங்களில் தத்துவம் எதுவும் இல்லை, அவசரம்தான் இருக்கிறது. நம் பெயரற்ற படத்தில் கேமராவிலிருந்து ஆளை நோக்கிப் போகும் தடம், இங்கே கேமராவை நோக்கி வருகிறது. எடுத்தவர் தன்னைப் படத்துக்குள் விட்டுவைத்திருக்கிறார். அதனாலேயே எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பிரியம்.

முதுகு காட்டி நிற்பது மட்டும் புகைப்படத்துக்கு முந்திய சமாச்சாரம். ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1808 முதல் 1810 வரை தீட்டிய கடற்கரைத் துறவி ஓவியத்தில் இதே அமைப்பு: பெரும்பகுதி வானம், கீழே ஒரு கீற்று இருண்ட கடல், அதன் முன் மிகச் சின்னதாக ஒரு துறவி. அதைப் பார்த்தால் இமைகளை வெட்டி எடுத்துவிட்டாற்போல இருக்கிறது என்று எழுத்தாளர் கிளைஸ்ட் எழுதினார். பெர்லினில் அந்த ஓவியத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் சீரமைத்தபோது அகச்சிவப்புக் கதிரில் பார்த்தார்கள். கடலில் முதலில் பாய்மரக் கப்பல்கள் வரையப்பட்டிருந்தன. ஃபிரீட்ரிக் அவற்றை மூடிவிட்டார். அந்த வெறுமை அவர் கண்ட வெறுமை இல்லை, ஒவ்வொன்றாக நீக்கி உண்டாக்கிய வெறுமை.

புகைப்படக்காரருக்கு அழிக்க வேண்டிய வேலைகூட இல்லை. கொஞ்சம் நகர்ந்து நின்றால் போதும். நமீபியாவின் நாற்பத்தைந்தாம் எண் மணல்மேடு உலகில் அதிகம் படமெடுக்கப்பட்ட மேடுகளில் ஒன்று. செஸ்ரியம் என்ற பூங்கா வாசலிலிருந்து 45 கிலோமீட்டரில் இருப்பதால் அந்தப் பெயர்; தார்ச்சாலை பக்கத்திலேயே போகிறது, மேட்டின் அடியில் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. விடியலில் முகடு நெடுக ஆட்கள் ஏறுவார்கள். சட்டகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினால் ஒரே ஒருவர், ஒரே ஒரு வரிசைத் தடம். பாலைவனம் என்றாலே மணல் என்று நாம் நினைப்பதும் இந்த மாதிரித் தள்ளிவைத்தலின் விளைவுதான். உலகப் பாலைவனங்களில் மணல் மூடியது சுமார் ஐந்தில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் சரளைக்கல், பாறை, உப்புத்தரை, முட்புதர். சரளைக்கல்லில் தடம் விழாது, வளைவு இல்லை. யார் போய் எடுப்பார்கள்?

இந்த வகைப் படங்களிலேயே உச்சம் என்று நான் நினைப்பது பூமியில் எடுத்ததே இல்லை. 1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் எடுத்த பஸ் ஆல்ட்ரினின் படம். சாம்பல் நிறத் தரை, கறுத்த வானம், வெள்ளை உடையில் ஓர் ஆள். ஆல்ட்ரின் சுற்றிலும் பார்த்துவிட்டு மகத்தான வெறுமை என்ற பொருளில் ஏதோ சொன்னாரே, அந்த வெறுமை. ஆனால் அவருடைய தலைக்கவசத்தின் கண்ணாடியைப் பாருங்கள். அதில் ஆம்ஸ்ட்ராங் தெரிகிறார், இறங்கிய கலம் தெரிகிறது. எடுத்தவர் தன்னை ஒளித்துக்கொள்ள முடியாமல்போன படம் அது. இன்னொன்று: மூலப் படத்தில் ஆல்ட்ரினின் தலைக்கு மேலே இடமே இல்லை, சட்டகம் கிட்டத்தட்ட அங்கேயே முடிந்துவிடுகிறது. பத்திரிகைகளுக்குக் கொடுத்தபோது மேலே கறுப்பைச் சேர்த்தார்கள். நாம் வியந்து பார்த்த அந்த அண்டவெளியில் ஒரு பகுதி பூமியில் ஒட்டிய ஒட்டு. தவறு என்று சொல்லமாட்டேன், நானாக இருந்தாலும் ஒட்டியிருப்பேன்.

பாலையில் வாழ்கிறவர்களோடு நெடுநாள் இருந்து எடுத்த படங்கள் வேறு மாதிரி இருக்கின்றன. பிரிட்டிஷ் பயணி வில்பிரட் தெசிகர் 1946-க்கும் 1948-க்கும் இடையில் அரேபியாவின் ரப் அல் காலி பாலைவனத்தை இரண்டு முறை கடந்தார். அவர் எடுத்த 38,000 நெகட்டிவ்கள் ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அரேபியப் படங்களில் வெட்டவெளி நிறைய உண்டு, ஆனால் முகங்களும் அதே அளவு உண்டு. பின் கபீனா, பின் கபைஷா என்று பெயர்களும் உண்டு. அவரோடு வந்த பெதூயின்கள் மணலில் கிடக்கும் ஒட்டகத் தடத்தையும் சாணத்தையும் பார்த்தே, போனவர்கள் எத்தனை பேர், எந்தக் குலம், கடைசியாக எங்கே ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டினார்கள் என்று சொல்லிவிடுவார்களாம். நான் லென்ஸ் கணக்குப் போட்டுத் திணறியதை அவர்கள் ஒட்டகத்தைவிட்டு இறங்கி ஒரு பார்வையில் முடித்திருப்பார்கள். அவர்களிடம் நம் படத்தைக் காட்டினால் தனிமை என்ற சொல் வருமா என்று சந்தேகம்தான். "தண்ணீர் இல்லாமல் ஏன் இவர் அங்கே போனார்?" என்று கேட்பார்கள் என நினைக்கிறேன்.

நண்பர் தன் கட்சிக்கு ஆதரவாகச் சங்கப் பாட்டைக் கொண்டுவந்தார். பாலை என்றால் பிரிவு என்று நம் ஆட்கள் இரண்டாயிரம் வருஷம் முன்னாலேயே வகுத்துவைத்திருக்கிறார்களே, மணலில் ஒருவர் நிற்பதைப் பார்த்தால் தமிழ் மனசு தனிமையைத்தானே நினைக்கும் என்றார். நல்ல வாதம். ஆனால் அந்தப் பாட்டுகளை எடுத்துப் பார்த்தால் பாலையில் நடப்பவன் பேசுவது குறைவு. பேசுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள். தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், மகள் காதலனோடு போய்விட்டாள் என்று செவிலித்தாய் புலம்புகிறாள். நீரற்ற வழி, வெடிக்கும் மூங்கில், வழிப்பறிக்காரர்களின் அம்பு, கற்குவியல் எல்லாம் போனவர் கண்ட காட்சி என்பதைவிட, இருப்பவர் அஞ்சிக் கற்பனை செய்த காட்சி. ஆக, அந்தத் தனிமை நடப்பவருடையது இல்லை, பார்த்துக்கொண்டு நிற்பவருடையது. இதை ஒப்புக்கொள்வதானால் நம் படத்திலும் பிரிவு இருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்கிறேன் என்றேன். கேமராவைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் நூறு மீட்டர் தள்ளிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளுடைய பிரிவு. இரண்டு நிமிடப் பிரிவுதான், இருந்தாலும் பிரிவு. நண்பர் சிரித்துவிட்டார்.

அந்தப் பேச்சில்தான் இன்னொன்று தட்டுப்பட்டது. பாலைக்குப் பழைய இலக்கணம் வகுத்த பொழுது நண்பகல். வேனிற்கால நண்பகல். கலித்தொகையில் ஒரு காட்சி வரும்: நிழலே இல்லாத காட்டில் வாடும் பெண்மானுக்கு ஆண்மான் தன் உடம்பின் நிழலைக் கொடுத்து நிற்கும். அது நண்பகலின் காட்சி. நிழல் அங்கே அழகுக்கு இல்லை, உயிர் பிழைக்க. புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் பாலையோ விடியலும் அந்தியும் மட்டுமே. கிடைமட்ட வெளிச்சம் வந்தால்தான் அலைவரிகள் எழுந்து நிற்கும், முகடு இரண்டு நிறமாகப் பிளக்கும், ஆளின் நிழல் மூன்று மடங்கு நீளும். பத்து மணிக்கு மேல் கேமராவை உறையில் போட்டுவிடச் சொல்லித்தான் எல்லாப் பயிற்சிகளிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாலையில் இருப்பவர்கள் படும் பாடு தொடங்குவதே அதற்கு அப்புறம்தான்.

உச்சி வெயிலில் எடுத்தால் மணல் தட்டையாகிவிடும், வெளிறிப் போகும். முகடு எங்கே முடிகிறது, சரிவு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. காலடித் தடங்களில் நிழல் விழாததால் தடங்களே பாதி மறைந்துவிடும். ஆளின் நிழல் காலுக்கு அடியில் ஒரு திட்டாகக் கிடக்கும். அந்தப் படத்துக்கு யாரும் கவிதை எழுத மாட்டார்கள், பொன்மொழியும் ஒட்டமாட்டாது. எனக்கு அப்படி ஒரு படம் பார்க்க வேண்டும். தேடியவரைக்கும் நல்லதாக ஒன்று சிக்கவில்லை. உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். எடுத்தவர் பெயரோடு, நிற்பவர் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்பினால் இன்னும் நல்லது.